கழுவிக்கொண்டு வந்த கால்கள்

மாம்புரி
10.01.2026

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய பிரதர் றொபி அவர்களுக்கு (குருமடத்தில் அப்படித்தானே கூப்பிடுவார்கள், வீட்டில் உன் பெயர் இப்பவும் றொபிப் பயல்தான்),

நான் சுகம். அம்மாவின் முழங்கால் சுகமில்லை. அப்பாவின் வாய் என்றும் போல நல்ல சுகம். உன் சுகத்தை அறிய ஆவல் என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறார். எழுதிவிட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் உங்களுக்குத் தொலைபேசி. அந்தப் பத்து நிமிடத்தையும் அம்மா அழுதே முடித்துவிடுவதால், என் பங்குக்குக் கடிதம்தான் மிச்சம்.

ஊர்ச் செய்தி என் வாயால் வந்தால்தான் உண்மையாக இருக்கும் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன். மூன்று இராசாக்கள் திருநாளன்று பாலன் குடிலில் இரண்டாவது இராசாவின் தூபப் பெட்டிக்குள் நெத்தலிக் கருவாடு வைத்தது நான்தான். கிழக்கிலிருந்து ஞானிகள் வந்ததைச் சுவாமி பிரசங்கத்தில் விளக்கிக்கொண்டிருக்க, மேற்குக் கதவால் பூனைகள் வந்தன. பவனியாகத்தான் வந்தன அண்ணா, பீடப்பிள்ளைகளைவிட ஒழுங்காக. ஒன்று குழந்தை யேசுவுக்குப் பக்கத்தில் வைக்கோலில் ஏறிப் படுத்தது. நான் சிரிக்கவில்லை. என் வயிறு தானாகக் குலுங்கியது.

புதுப் பங்குச் சுவாமி அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நான்கு சனிக்கிழமை நிக்கொலஸ் மாமா வீட்டுக்குக் கோயில் அரிசிப் பார்சல் கொண்டுபோகவேண்டும், அதுதான் தண்டனை என்றார். ஊரில் வேறு யாரும் அந்த வாசலுக்குப் போக மறுக்கிறார்களாம்.

நிக்கொலஸ் மாமாவுக்கு அது நடந்தபோது நான் சிலாபத்தில் பெரியம்மா வீட்டில் நின்று படித்தேன். அதனால் எனக்குத் தெரிந்தது ஊர்க்கதை மட்டும். பெரிய வெள்ளியில் நம் ஊரில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அவர் மட்டும் அப்பாவின் போட்டைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு கடலட்டை பிடிக்கப் போனாராம். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குதித்தவர் மேலே வரும்போது இடுப்புக்குக் கீழே செத்துப்போயிருந்ததாம். சாபமாம். அந்த வீட்டுக்குப் போய்வருகிற கால் மிதித்த போட்டில் மீன் ஏறாதாம். எனக்குப் போட் இல்லை, அதனால் பயமும் இல்லை.

சுவாமியாகத் தேவ அழைத்தல் உனக்கு வந்தது என்று ஊரே சொல்கிறது. எனக்கு வந்தது மிஸ்ட் கோல்தான் அண்ணா. ரீலோட் இல்லாதபடியால் திருப்பி எடுக்கவில்லை.

இப்படிக்கு,
தண்டனைக் கைதி அஜித்தா


குருமடம்
24.01.2026

இயேசுவில் அன்பான தங்கச்சி அஜித்தா,

உன் கடிதம் கிடைத்தது. நான் இறைவன் அருளால் நலமாக இருக்கிறேன். இங்கே மலைக்குளிர் கடுமை. அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிடுகிறாயா? அப்பாவுக்கு இந்தக் காற்றில் தொழில் எப்படி?

நீ செய்தது வேடிக்கை அல்ல. கோயில் புனிதமான இடம். (பூனை வைக்கோலில் படுத்த பகுதியை என் அறைத்தோழன் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னான். அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.)

சுவாமி தந்த தண்டனையைத் தாழ்மையோடு ஏற்றுக்கொள். ஆனால் ஒன்று சொல்கிறேன். பார்சலை வாசலில் வைத்துவிட்டு வந்தால் போதும். உள்ளே போகவோ, நிக்கொலஸ் மாமாவோடு நின்று கதைக்கவோ தேவையில்லை. அவருக்கும் அது கஷ்டமாக இருக்கலாம். அப்பாவும் விரும்பமாட்டார்.

நன்றாகப் படி. உயர்தரப் பரீட்சை விளையாட்டல்ல. உனக்காகச் செபமாலையில் ஒரு மணி எப்போதும் இருக்கிறது.

செபத்தில் உன்னை நினைக்கும் அண்ணன்,
றொபி


மாம்புரி
07.02.2026

அன்பு அண்ணா,

எல்லோரும் சுகம். முழங்காலுக்கு எண்ணெய் போகிறது, எண்ணெய்ப் போத்தல்தான் சுகமில்லாமல் மெலிந்துபோகிறது. ஒரு மணி என்று எழுதியிருந்தாய், கஞ்சன். ஒரு மாலையாவது சொல்லக்கூடாதா?

உன் கடிதம் வருவதற்கு முதலே, நீ சொன்னது போலவே, முதல் சனிக்கிழமை பார்சலை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். உள்ளேயிருந்து ஒரு குரல்.

"யாரது, பூனைக்குக் கருவாடு வச்ச பிள்ளையா?"

ஓம் என்றேன்.

"உள்ள வா. அந்தக் கதைய முழுசாச் சொல்லு. மூணு வருசமா இந்த வீட்டுக்குள்ள அரிசிதான் வருது, கதை ஒண்டும் வரல்ல."

இப்படிக் கூப்பிட்டால் எப்படி அண்ணா போகாமல் இருப்பது? போனேன். கதை சொன்னேன். பூனை படுத்த இடம் வந்ததும் சிரித்தார். சிரிக்கும்போது மேல் பாதி குலுங்குகிறது, கீழ்ப் பாதி வேறு யாருடையதோ போலச் சும்மா கிடக்கிறது. அப்போதுதான் மணம் வந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு குதிக்காலிலும் புண். ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து வந்ததாம். அவருக்கு உணர்வில்லை, அதனால் நோவு தெரியாது. மணம் மட்டும் தெரியும். மாமி குவைத்தில் வேலை செய்கிறார். மாமியின் தங்கச்சி சோற்றை ஜன்னலால் வைத்துவிட்டுப் போகிறாராம்.

நான் வெளியே ஓடி, தென்னைமரத்தடியில் காலையில் தின்ற பாணையெல்லாம் சத்தியெடுத்தேன். திரும்பி வந்து வெட்கத்தோடு நின்றேன். "பரவாயில்ல," என்றார். "கோயில் மூப்பர் வாசல்லயே எடுத்தவர். நீ மரம் வரைக்கும் போயிட்டாய்."

அடுத்த சனிக்கிழமை ஷஃபீனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். என் வகுப்பில் இருக்கிறவள், உனக்குத் தெரியும், பந்தை உன் மண்டையில் அடித்தவள். அவளுடைய அக்கா புத்தளத்தில் நேர்ஸ், நானும் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். லாத்தா ஒருநாள் வந்து புண்ணைப் பார்த்து, சேலைனில் கழுவவும் மருந்து வைத்துக் கட்டவும் எங்கள் இரண்டு பேருக்கும் காட்டித்தந்தார். சாபம் என்று ஊர் சொல்வதை அவரிடம் கேட்டேன். திரும்பத் திரும்ப ஆழத்துக்குப் போய் அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக்குமிழ் கட்டி நரம்பைக் கெடுத்துவிடுமாம். எந்தக் கிழமையிலும் வருமாம். செவ்வாய்க்கிழமை வந்தவர்களும் இருக்கிறார்களாம். செவ்வாய்க்கிழமைக்கு யார் அண்ணா சாபம் போட்டது?

இன்றோடு என் தண்டனை முடிந்தது. சுவாமி கையைக் குலுக்கி விடுதலை தந்தார். அடுத்த சனிக்கிழமைக்கு நான் கோஸ் துணி வாங்கி வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

ஒரு கேள்வி மட்டும். அப்பா எஞ்சினைக் கழற்றிக் கொட்டிலுக்குள் பூட்டித்தானே வைப்பார்? திறப்பு அவருடைய அரைஞாணில். அப்படியென்றால் நிக்கொலஸ் மாமா கேட்காமல் எடுத்துக்கொண்டு போனபோது கொட்டிலைத் திறந்தது யார்?

பதில் எழுது, செபம் பிறகு செய்யலாம்.

விடுதலையான தங்கச்சி,
அஜித்தா


குருமடம்
21.02.2026

அன்பான தங்கச்சி,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். தவக்காலம் தொடங்கிவிட்டது. விபூதிப் புதனன்று முழுநாள் மௌனம் காத்தோம். பூசணிக்காய் இங்கே காலை, மதியம், இரவு மூன்று வேடத்திலும் வருகிறது. மெய்யியல் பாடம் கடினம். தோட்டத்தில் நான் நட்ட லீக்ஸ் நன்றாக வந்திருக்கிறது.

தவக்காலத்தில் நாவடக்கம் நல்ல ஒறுத்தல். முயன்று பார்.

அம்மாவை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
றொபி


மாம்புரி
28.02.2026

லீக்ஸ் தோட்டக்காரருக்கு,

சுகம், சுகம், சுகம். மூன்று பேருக்கும் ஒவ்வொன்று. அம்மாவை மருத்துவரிடம் காட்டினோம், மாத்திரை தந்தார்.

உன் கடிதத்தில் பூசணி இருக்கிறது, லீக்ஸ் இருக்கிறது, மெய்யியல் இருக்கிறது. மெய் மட்டும் இல்லை. நான் கேட்டது திறப்பைப் பற்றி. நீ தந்தது பூட்டு.

இங்கே சண்டை வந்துவிட்டது. நான் தண்டனை முடிந்த பிறகும் நிக்கொலஸ் மாமா வீட்டுக்குப் போவதை மூப்பர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு அப்பாவின் வலையில் வெறும் சாளைக் குஞ்சு. சாபம் என் காலில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டதாம். குமர்ப்பிள்ளை ஒரு ஆம்பிளையின் காலைத் தொடுவதா என்று மூப்பர் கேட்டதாகவும் அப்பா சொன்னார். நானும் விடவில்லை. யேசுநாதர் பன்னிரண்டு ஆம்பிளைகளின் காலைத் தொட்டார், மூப்பர் அவரிடமும் போய்க் கேட்கட்டும் என்றேன். அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்கே ஆறியிருக்கும். பிறகு குரலைத் தணித்துத்தான் சொன்னார்:

"அவன்ட வாசல மிதிக்கிறதெண்டா, இந்த வாசல மிதிக்காத."

சரி அப்பா என்றேன். அப்பாவுக்கு ஆச்சரியம். நான் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை.

அன்றிலிருந்து நான் வாசலை மிதிக்கவில்லை அண்ணா. குசினி ஜன்னலால்தான் போய்வருகிறேன். ஜன்னலைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லையே. பள்ளிக்கூடத்துக்கும் ஜன்னல்தான், கோயிலுக்கும் ஜன்னல்தான். பூசைக்குப் போகும்போது அம்மா முதலில் என் சப்பாத்தை வெளியே எறிவார், பிறகு நான் விழுவேன். தேத்தண்ணியும் ஜன்னலால் வருகிறது. பார்க்கிற சனம் எங்கள் வீட்டில் தேத்தண்ணிக்கடை திறந்துவிட்டதாக நினைக்கிறது. நேற்று ஒருவர் "பிளேன்ரீ ஒண்டு" என்று கேட்டார். அப்பா கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்க்கிறார். பேசுவதில்லை.

ஷஃபீனாவுக்கு நோன்பு, எனக்குத் தவக்காலம், ஒரு நாள் வித்தியாசத்தில் தொடங்கியது. இரண்டு பேரும் பசியோடு போய்க் கட்டுகிறோம். வலது குதிக்கால் சிவந்து ஆறுகிறது. இடது பிடிவாதம். என்னைப் போல.

திறப்பு, அண்ணா. திறப்பு.

ஜன்னல் வழியாக,
அஜித்தா


மாம்புரி
14.03.2026

அண்ணா,

இரண்டு கிழமை பார்த்தேன். தபால்காரர் எங்கள் வீட்டைப் பார்த்தாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனமில்லை. சுகமாக இரு என்று மட்டும் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை மாமாவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே உன்னைப் பற்றிப் பெருமை அடித்தேன். எங்கள் அண்ணா பல்லியைக் கண்டால் மட்டும்தான் பயப்படுவான், எதற்கும் அழமாட்டான், சின்ன வயதிலிருந்தே அப்படி என்றேன்.

"உன்ட அண்ணனா?" என்று சிரித்தார். "என்னைத் தூக்கிப் போட்டுக்குள்ள போட்டிட்டு அவன் அழுத அழுகையில எஞ்சின் சத்தமே கேக்கல்ல."

சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். யாருடைய சொல்லுக்குப் போனீர்கள் மாமா என்று கேட்டேன். பண்டேஜை இறுக்கிச் சுற்றாதே என்றார். திரும்பவும் கேட்டேன். சொல்லி என்ன, கால் எழும்பி நடக்குமா என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மூன்று வருடம் இப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, ஜன்னலால் ஏறும்போதே அம்மாவைக் கேட்டேன். தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மா திருவுவதை நிறுத்தினார். ஈஸ்டருக்கு முதல் நாள் அட்டை லொறி வருவதாக இருந்தது, வேறு எந்தப் போட்டும் போகாது, நல்ல விலை என்று மட்டும் சொன்னார். பிறகு தேங்காய்க்குப் பதில் சிரட்டையைத் திருவினார்.

ஆகவே நானே சொல்கிறேன், பிழையென்றால் திருத்து. போட் எங்களுடையது. திறப்பைக் கொடுத்தது அப்பா. எஞ்சின் பிடித்தது நீ. நிக்கொலஸ் மாமாவைத் திரும்பத் திரும்ப இறங்கச் சொன்னது நல்ல விலை. அதே பெரிய வெள்ளி பின்னேரம், போட் கடலில் நிற்க, அப்பா பாடுபட்ட யேசுவின் சுரூபத்தைத் தோளில் சுமந்துகொண்டு கோயிலைச் சுற்றி வந்தார். சாயங்காலம் நீங்கள் கரைக்கு வந்ததும் "கேட்காமல் எடுத்துக்கொண்டு போனான்" என்று ஊருக்குச் சொன்னார். நீ பக்கத்தில் நின்றாய். நான்கு மாதத்தில் குருமடத்துக்குப் போய்விட்டாய்.

ஒரு கேள்விதான் அண்ணா. உன்னை ஆண்டவர் கூப்பிட்டாரா, அல்லது நீ இங்கேயிருந்து ஓடினாயா?

இனி முக்கியமான விசயம். பெரிய வியாழன் பாதம் கழுவுகிற சடங்குக்கு இந்த முறையும் சொந்தப் போட் வைத்திருக்கிற அதே பன்னிரண்டு சம்மாட்டிமார்தான். அப்பாவுக்கு மூன்றாவது கதிரை, அப்பப்பா இருந்த கதிரை. உனக்குத் தெரியும்தானே, புதன்கிழமையே தொடங்கிவிடுவார்கள். தேங்காயெண்ணெய், குதிக்கால் தேய்க்கிற கல், பிறகு வாசனைச் சவுக்காரம். நகம்கூட வெட்டிக்கொண்டு வருவார்கள். கழுவுவதற்கு முதலே கழுவின கால். சுவாமிக்கு என்ன வேலை? வாசம் பிடிக்கிற வேலைதான்.

நான் சுவாமியிடம் போய், ஒரு கதிரையில் நிக்கொலஸ் மாமா இருக்கவேண்டும் என்றேன். கழுவவேண்டிய கால் ஊரில் அது ஒன்றுதான் என்றேன். சுவாமி சம்மதம். மூப்பர் துள்ளினார். அவன் உள்ளே வந்தால் நாங்கள் எழும்பிப் போவோம், வருடம் முழுக்கத் தொழில் நாசமாகும் என்றார். அப்பா அதே கூட்டத்தில் இருந்து தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மாமாவும் முதலில் மாட்டேன் என்றார். "கழுவினாலும் எனக்குத் தெரியாது பிள்ள. கண்ணாலதான் பாக்கவேணும்." பார்த்தால் போதும் மாமா என்றேன். பிறகு பெட்டிக்குள் இருக்கிற வெள்ளைச் சட்டையை எடுத்துக் காயப்போடச் சொன்னார்.

ஷஃபீனாவின் வாப்பா முனாஸ் மாமா ஓட்டோ தருகிறார். ஆனால் ஓட்டோவிலிருந்து கதிரை வரைக்கும் தூக்க ஆளில்லை. ஊரில் ஒரு ஆம்பிளையும் தொடமாட்டானாம். நானும் ஷஃபீனாவும் தூக்கினால் மூன்று பேரும் வாசலில் கிடப்போம்.

நீ ஒருக்கால் தூக்கினவன்தானே. இன்னொருக்காத் தூக்கு.

உன் தங்கச்சி


குருமடம்
19.03.2026
சூசையப்பர் திருநாள்

அஜித்தா,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம் என்று எழுதும் வழக்கத்தை இன்று விட்டுவிடுகிறேன்.

நீ எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை.

ஓடித்தான் வந்தேன். வந்த பிறகுதான் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அது குருமடப் பக்கமிருந்து கேட்கிறது என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய கிழமையில் எங்களை வெளியே விடமாட்டார்கள். கேட்டேன். குருமட அதிபர் மறுத்துவிட்டார். காரணத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த மாதம் தொலைபேசி ஞாயிறு குருத்து ஞாயிறன்று வருகிறது. அன்றைக்கு அம்மாவைக் கொஞ்சம் பொறுத்து அழச் சொல். அப்பா வீட்டில் நிற்கட்டும்.

இடது குதிக்கால் இப்போது எப்படி? எப்படிக் கட்டுகிறாய் என்று விவரமாக எழுது. எனக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

றொபி


மாம்புரி
25.03.2026

அன்பு அண்ணா,

நான் சுகம், உண்மையாகவே. உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு உன்மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், எங்கேயோ வைத்துவிட்டேன் போல.

கேட்டாயே, பாடம் இதுதான். பேராசிரியை அஜித்தா, பாய்மேல் சம்மணம் கொட்டி. முதலில் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவு. பழைய கட்டை இழுக்காதே, சேலைன் ஊற்றி ஊறவிட்டுக் கழற்று. முகத்தைச் சுளிக்காதே, அவர் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். புண்ணைத் தேய்க்காமல் கழுவு. மருந்து, கோஸ், பிறகு சுற்று, ஒரு விரல் நுழைகிற அளவு தளர்வாக. குதிக்கால் பாயில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. முழு நேரமும் வாய் ஓயாமல் கதை. கதைதான் முக்கியமான மருந்து, அதை லாத்தா சொல்லவில்லை, நான் கண்டுபிடித்தது. மாமாவுக்குப் பொய்க்கதை பிடிக்கும்.

இடது குதிக்காலும் மூடத் தொடங்கிவிட்டது. லாத்தா படம் எடுத்துக்கொண்டு போனார்.

தூக்க ஆள் இன்னும் கிடைக்கவில்லை. மூப்பர் எல்லாப் போட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டார். சுவாமி தானே தூக்குகிறேன் என்றார். அவர் ஈர்க்குக் கட்டுப் போல இருக்கிறார், மாமாவை அல்ல, மாமாவின் சட்டையைத் தூக்கினாலே பெரிய காரியம். பரவாயில்லை. கதிரைக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் ஓட்டோவைக் கோயில் வாசலில் விட்டு, தண்ணீர்ப் பேசினை வெளியே கொண்டுவரச் சொல்வேன். எப்படியும் அந்தக் கால் கழுவப்படும். மூப்பர் வேண்டுமென்றால் வாசலில் படுத்து மறிக்கட்டும். எனக்கு ஜன்னல் பழக்கம்.

பள்ளிக்கூடத்து சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, படித்து முடித்ததும் நேர்ஸ் பயிற்சிக்குப் போகிறாயா என்று கேட்டார். கருவாடு வைக்கிற பிள்ளைகளையும் எடுப்பார்களா சிஸ்டர் என்றேன். அப்படிப்பட்டவைக்குத்தான் மணம் தாங்கும் என்றார்.

அந்த மிஸ்ட் கோலைத் திருப்பி எடுத்துவிட்டேன் போலிருக்கிறது அண்ணா. அந்தப் பக்கம் நிக்கொலஸ் மாமாதான் ஹலோ சொன்னார்.

ஞாயிறன்று அப்பாவைக் கதிரையில் கட்டியாவது வைப்பேன்.

உன் பேராசிரியை,
அஜித்தா


குருமடம்
30.03.2026

அன்புள்ள அஜித்தா,

இந்தக் கடிதம் வியாழனுக்கு முதல் வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று அப்பாவிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. நேரம் முடிந்ததும் நான் வைத்தேனா அவர் வைத்தாரா தெரியவில்லை.

இன்று காலை அதிபரிடமும் சொல்லிவிட்டேன். என்னைத் திருப்பி அனுப்புவாரா என்று கேட்டேன். யோசிக்கவேண்டும் என்றார். அனுப்பினாலும் நான் எங்கே போகவேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். அனுப்பாவிட்டால் விடுமுறைக்கு வந்து, முதல் வேலையாக நிக்கொலஸ் மாமா வீட்டுக்கு. ஒரு விரல் நுழைகிற அளவு. மறக்கமாட்டேன்.

நீ அவரிடம் என் பெயரைச் சொல். வேறொன்றும் வேண்டாம்.

றொபி


மாம்புரி
08.04.2026

என் அன்பு அண்ணா,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. நான் சுகம், அம்மா சுகம், முழங்கால் பாதிச் சுகம். அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

குருத்து ஞாயிறன்று உன்னோடு பேசிய பிறகு அப்பா போனைப் பிடித்தபடியே கொஞ்சநேரம் நின்றார். அம்மா அழுவதற்குக்கூட நேரம் மிச்சம் வைக்கவில்லை நீ. அதன்பிறகு நான்கு நாளும் வீட்டில் யாரோடும் பேச்சில்லை. புதன்கிழமை அம்மா வழக்கம்போல எண்ணெயும் கல்லும் சவுக்காரமும் கிணற்றடியில் வைத்தார். வியாழன் பின்னேரம் வரைக்கும் அவை வைத்த இடத்திலேயே இருந்தன. நான் அதைக் கவனித்தேன், ஆனால் நம்பத் துணியவில்லை.

வியாழன் சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, மாமாவை எப்படியோ இழுத்துப் பறித்து ஓட்டோவில் ஏற்றினோம். கோயில் வளவு ஈரமணலில் ஓட்டோ புதைந்தது. முனாஸ் மாமா ஹாண்டிலைப் பிடிக்க, நானும் ஷஃபீனாவும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னால் நின்று தள்ளினோம். முழங்கால் வரைக்கும் சேறும் மணலும். ஷஃபீனா வாசலில் நின்றுகொண்டாள். நான் ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு கதிரையிலும் ஆள். மாமாவுக்கென்று சுவாமி ஒதுக்கின கதிரையில் மூப்பர் தன் மருமகனை இருத்தி வைத்திருந்தார். வாசனைச் சவுக்காரம் கதவு வரைக்கும் மணத்தது.

சுவாமி துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே பார்த்தார். எல்லாரும் திரும்பி ஓட்டோவைப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. மாமா என் கையைப் பிடித்து, "காணும் பிள்ள, திருப்பு, போவம்," என்றார்.

அப்போதுதான் அப்பா எழும்பினார்.

கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மூப்பரும் அப்படித்தான் நினைத்திருப்பார், அவரும் எழும்ப ஆயத்தமானார். அப்பா நேரே நடந்து ஓட்டோவுக்கு வந்து, என்னை விலகச் சொல்லிவிட்டு, மாமாவுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தார். மாமா பிடிக்கவில்லை. அப்பா குனிந்தபடியே நின்றார். கொஞ்சநேரத்துக்குப் பிறகு மாமாவின் கை அப்பாவின் கழுத்தைச் சுற்றியது.

சுமந்துகொண்டு போய்த் தன்னுடைய மூன்றாவது கதிரையில் இருத்தினார். மூச்சு வாங்கியது. சனத்தின் பக்கம் திரும்பி, மூப்பருக்குச் சொல்வது போல, ஆனால் கடைசி வாங்குக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"என்ட போட். என்ட திறப்பு. அண்டைக்கு இவன நான்தான் அனுப்பினனான். சாபமெண்டா அது என்ட."

மூப்பர் எழும்பிப் போனார். மருமகன் பின்னால் போனான். சம்மாட்டிமாரில் பாதிப்பேர் கழுவிக்கொண்டு வந்த காலோடு அப்படியே போனார்கள், வாசமும் அவர்களோடு போனது. கதிரைகள் பல் விழுந்த வாய் போல இருந்தன. சுவாமி எங்கள் பக்கம் பார்த்து, இருக்கிறவர்கள் வாருங்கள் என்றார். கருவாடு காயவைக்கிற பெண்கள் இரண்டு பேர் முதலில் வந்தார்கள். மணி அடிக்கிற கிழவர் வந்தார். மாமாவுக்கு ஜன்னலால் சோறு வைக்கிற தங்கச்சிக்காரி கடைசி வாங்கிலிருந்து எழும்பி, தலையைக் குனிந்துகொண்டு வந்து இருந்தார். ஒரு கதிரை மிச்சம். நான் போய் இருந்தேன். ஏன் கூடாது?

மாமாவின் முறை வந்தபோது அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை நான்தான் அவிழ்த்தேன், நான் சொன்ன இடத்தில் மட்டும் சுவாமி தண்ணீர் விட்டார். "சூடா, குளிரா?" என்று மாமா மெதுவாகக் கேட்டார். சூடு மாமா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அப்பா கதிரையின் பின்னால் நின்று, மாமா சரியாமல் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் காலை யாரும் கழுவவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

என் முறை வந்தது. பேசினில் இருந்த தண்ணீர் தேத்தண்ணி நிறமாகிவிட்டது அண்ணா. பீடப்பிள்ளை ஓடிப்போய் வேறு தண்ணீர் கொண்டுவந்தான். சுவாமி நிமிர்ந்து என்னைப் பார்த்து, இன்றைக்குத்தான் எனக்கு வேலை இருக்கிறது என்று சொன்னார்.

வியாழனுக்குப் பிறகு வந்த உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்தேன், உன் பெயரையும் சொன்னேன். அவன் எஞ்சின் நல்லாப் பிடிப்பான், கட்டு எப்படிப் போடுவானோ என்றார். வந்து காட்டு. அதிபர் அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி.

ஊர் முழுக்க மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. மூப்பர் எங்களைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறார். இரண்டு போட்காரர் அப்பாவோடு வலை இழுக்க வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா தனியே போகிறார். நேற்றுச் சூடை நன்றாகப் பட்டது. சாபத்துக்கும் சூடை பிடிக்கும் போல.

அப்பா என்னோடு இன்னும் பேசவில்லை. பெரிய வெள்ளியன்று நான் ஜன்னலால் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ஆணி அடிக்கக்கூடாது என்பதால் பொறுத்திருக்கிறார். சனிக்கிழமை விடிந்ததும் சுத்தியல் சத்தம். எழும்பிப் போய்ப் பார்த்தால், குசினி ஜன்னலுக்குக் குறுக்கே பழைய போட் பலகையை வைத்து, பூனைகூட நுழையாதபடி ஆணி அடித்துவிட்டிருந்தார்.

நான் கோஸ் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் நின்றேன். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் நின்றேன், நல்ல நல்ல வசனமெல்லாம் வைத்திருந்தேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். முன்வாசல் அகலத் திறந்திருந்தது. அப்பா சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தார். கால் இரண்டும் வழியை மறித்து நீண்டிருந்தன, எண்ணெய் இல்லாமல், வெடித்து, மணலோடு.

கிட்டப் போனேன்.

காலை மடக்கி வழிவிட்டார்.

இப்படிக்கு,
வாசலால் போய்வரும் உன் தங்கச்சி,
அஜித்தா